தலைவரும் அவரது ஆந்துராழும்

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்து நான்கு. இதில் இருவருக்குமே சங்கடம் ஒன்றும் இல்லை. சீடருக்கு அவசரம் அப்படி.

சீடர் பெயர் கலியபெருமாள். புதுச்சேரிக்குத் தெற்கே ஏழு மீனவ ஊர்களுக்குத் தலைவர். குரு கிளோதீன், முத்தியால்பேட்டையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவர். எல்லோருக்கும் அவர் மதாம். அவருக்கு ஆண்கள் எல்லோரும் முசே. வீட்டின் முன்பக்கம் அவருடைய வகுப்பு நடக்கும். பின்பக்கம் அவர் கணவர் ஞானதிக்கத்தின் கடைசல் பட்டறை. கட்டில் கால்களும் மாடிப்படித் தண்டுகளும் அங்கே உருவாகிக்கொண்டிருக்கும். மிஷின் ஓடும்போது மதாம் வினைச்சொற்களைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

கலியபெருமாள் பிரெஞ்சு படிக்க வந்தது ஒரு பாலத்துக்காக.

அவருடைய ஏழு ஊர்களில் நடுத்திட்டும் ஒன்று. சுற்றிலும் ஆற்றுநீர். பள்ளிக்கூடம் அக்கரையில். பிள்ளைகள் படகில்தான் போய்வர வேண்டும். போன ஐப்பசியில் படகு கவிழ்ந்தது. ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கலியபெருமாள் குதித்து நான்கு பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். ஐந்தாவது பிள்ளை கயல், எட்டு வயது. காலமாகிவிட்ட அவருடைய அண்ணனின் மகள்.

அதற்குப் பிறகுதான் ஏழு ஊரும் கூடி அவரைத் தலைவராக்கின. மாலை போட்டார்கள், வெடி வெடித்தார்கள். கயலின் அம்மா செண்பகம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிரான்ஸில் கடலோரமாக ஒரு சிற்றூர். அங்கேயும் மீன்பிடிப்புதான் பிழைப்பு. வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தில் ஏதாவது ஒரு கரையோர ஊருக்கு, அவர்கள் கேட்கிற ஒரு வேலையைச் செய்துகொடுப்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். கேட்க வருகிறவர் அவர்களுடைய ஊர் மன்றத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டும். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம். இந்த வருஷம் கலியபெருமாளுக்கு அழைப்பு வந்திருந்தது. பிரெஞ்சில் பேசினால் மகிழ்வோம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

முதல் நாள் மதாம் கேட்டார். "அங்க என்ன சொல்லப் போறீங்க, முசே?"

"கயல்னு எட்டு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் போறப்ப ஆத்துல போயிட்டா. இன்னும் நாப்பது பிள்ளைங்க அதே மாதிரி படகுலதான் போவுதுங்க. எங்களுக்கு ஒரு பாலம் வேணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். மூணு நிமிஷம் வருமா மதாம்?"

"அரை நிமிஷம்கூட வராது."

"மிச்ச நேரத்துக்கு என்னா பண்றது?"

"அது அவங்க யோசிக்கிறதுக்கு."

நான்கு வரியையும் கலியபெருமாள் ஒரே வாரத்தில் பிரெஞ்சில் மனப்பாடம் செய்தார். உச்சரிப்பு கரடுமுரடாக இருந்தது. ஆனால் புரிந்தது. கயல் என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மதாம் அதைத் திருத்தவில்லை.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

தலைவர் என்றால் தனியாக வரக்கூடாதாம். இரண்டாவது வாரம் கூட இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஐந்து பேர். ஆறாவது வாரம் வாசலில் ஆறு பைக் நின்றது, ஜன்னலில் ஒன்பது தலை தெரிந்தது. அவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். சங்கச் செயலாளர் அரிதாஸ். தலைவரின் மச்சினன் குணாளன். தலைவர் இருமினால்கூட வீடியோ எடுத்துப் போடுகிற லூர்து. எல்லோரும் நல்லவர்கள். இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அரிதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "எடுத்த எடுப்புலயே சாவா தலைவரே? நல்ல காரியத்துக்குப் போறோம். முதல்ல வணக்கம் சொல்லுவோம், அவங்க ஊரை நாலு வார்த்தை புகழ்வோம்."

நியாயமாகத்தான் இருந்தது. கயல் இரண்டாவது பத்திக்குப் போனாள்.

"நீங்க யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றான் குணாளன். "உங்க அப்பா காலத்துலேர்ந்து ஒரு வரி வேணும்."

அதுவும் சரிதான். சேர்த்தார்கள்.

"கைதட்டுற மாதிரி ஒண்ணு வேணும்ணே," என்றான் லூர்து. "கடல் பிரிக்கல, கடல்தான் நம்மளைச் சேர்க்குது. இந்த மாதிரி."

எல்லோரும் கைதட்டினார்கள். அதையும் சேர்த்தார்கள்.

ஒவ்வொரு வாரமும் கலியபெருமாள் புதிய தாள் கொண்டுவருவார். மதாம் அதைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஏன் சும்மா இருந்தார் என்று எனக்கே கோபம் வருகிறது. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பயணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது இரண்டாவது கடிதம் வந்தது. தலைவரும் அவரது ஆந்துராழும் எங்கள் விருந்தாளிகள், பெயர்களைச் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று அதில் இருந்தது.

ஏழு ஊரும் அமர்க்களப்பட்டது. ஒருவர் அன்று மாலையே கம்பளிச் சட்டை வாங்கிவிட்டார். புதுச்சேரி வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வியர்க்க விறுவிறுக்க நின்றார். குணாளன் முடி வெட்டிக்கொண்டான். லூர்து விமான நிலையத்தில் எப்படி நடந்து வருவது என்று ஒத்திகை பார்த்தான்.

ஆந்துராழ் என்றால் என்ன என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. போனில் தட்டிப் பார்த்தார்கள். பரிவாரம் என்று வந்தது. தகராறு அங்கேதான் தொடங்கியது.

"பரிவாரம்னா பொறுப்புல இருக்கிறவங்க," என்றார் அரிதாஸ்.

"சொந்தக்காரன் இல்லாம என்னா பரிவாரம்?" என்றான் குணாளன்.

"போட்டோ எடுக்க ஆள் இல்லன்னா பரிவாரம் போனதுக்கு சாட்சி ஏது?" என்றான் லூர்து.

ஏழு ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பங்கில் தகராறு வந்தால், அந்தப் பங்கு முதன்முதலில் யாருக்காக, எதற்காக ஏற்பட்டது என்று விசாரித்து அடிவரைக்கும் போவார்கள். அடி தெரிந்தால் தீர்ப்பு தெரிந்துவிடும். அதே வழக்கத்தை இந்தச் சொல்லுக்கும் பொருத்திவிட்டார்கள். சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்தால், விமானத்தில் யார் ஏறுவது என்று முடிவாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பேரும் மதாம் வீட்டில் நின்றார்கள்.

கலியபெருமாள் கேட்டார். "மதாம், இந்த ஆந்துராழ்ன்ற வார்த்தைக்கு அர்த்தம் என்னா? அது எங்கேர்ந்து வந்துச்சு? நாங்க பத்து பேரும் அதைத்தான் கேக்க வந்திருக்கோம்."

மதாம் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"பட்டறைக்கு வாங்க," என்றார்.

"அகராதி அங்கயா இருக்கு?"

"வாங்க முசே."

ஞானதிக்கம் அப்போதுதான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். மனைவி காதில் ஏதோ சொன்னதும் மூலையிலிருந்து ஒரு பூவரசங்கட்டையை எடுத்துவந்தார். நல்ல கனமான கட்டை, முழங்கை நீளம்.

"இதுல என்ன செய்யலாம்?" என்று மதாம் சீடரைக் கேட்டார்.

கலியபெருமாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த ஊர் மேயருக்குப் பரிசு குடுக்கலாம் மதாம். மெழுகுவத்தி வைக்கிற தண்டு. மேசையில வெச்சா கம்பீரமா நிக்கணும்."

"ஞானதிக்கம் ஆரம்பிச்சுக் குடுப்பார். அப்புறம் உங்க ஆளுங்களே செய்யட்டும். ஆளுக்கு ஒரு தரம் உளி பிடிக்கலாம்."

பட்டறை திருவிழாவாகிவிட்டது. இரண்டு முனைகளுக்கு நடுவே கட்டையைப் பிடித்துவைத்து ஞானதிக்கம் மிஷினை ஓடவிட்டார். கட்டை சுழன்றது. உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. சதுரக் கட்டை கண் முன்னாலேயே உருண்டையாகிவிட்டது. ஒன்பது பேரும் விசிலடித்தார்கள்.

ஞானதிக்கம் உளியை அரிதாஸிடம் கொடுத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ஒரு வளையம் வரட்டும்," என்றார் அரிதாஸ். "மரியாதையா இருக்கும்."

அழகான வளையம் வந்தது.

"இடுப்பு கொஞ்சம் ஒடுங்கினா எடுப்பா இருக்கும்," என்றான் குணாளன். ஒடுங்கியது.

"தாமரை மாதிரி ஒண்ணு," என்றான் லூர்து. அவன் ஒரு கையால் உளியும் மறுகையால் போனும் பிடிக்கப் பார்த்தான். ஞானதிக்கம் போனை வாங்கிப் பலகைமேல் வைத்தார்.

கம்பளிச் சட்டைக்காரர் ஒரு பள்ளம் போட்டார். அடுத்தவர் பள்ளத்தை வழவழப்பாக்கினார். இன்னொருவர் ஏற்கெனவே இருந்த வளையத்துக்குத் துணையாக ஒன்று சேர்த்தார். யாருமே ஆழமாக உளி வைக்கவில்லை. எல்லாம் நகக்கண் அளவுதான். ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். கலியபெருமாள் குழந்தைபோலச் சிரித்துக்கொண்டே நின்றார். இவ்வளவு பேர் தனக்காக மரத்தூளில் நிற்கிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஒன்பதாவது ஆள் முடித்ததும் மிஷின் நின்றது.

தண்டு பேரழகாக இருந்தது. மூன்று வளையம், ஒரு தாமரை, சிற்பத்தில் வருகிற மாதிரி இடுப்பு. லூர்து பதினைந்து படம் எடுத்தான்.

மதாம் உள்ளே போய் மாதா கோயிலில் ஏற்றுகிற கனத்த மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவந்தார். தண்டைப் பலகைமேல் நிறுத்தினார். நின்றது. மெழுகுவர்த்தியை மேலே வைத்தார்.

டக்கென்று இடுப்பு ஒடிந்தது.

மெழுகுவர்த்தி தரையில் உருண்டது. உடனே எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.

"நான் வளையம்தான் போட்டேன்."

"நான் தொட்டதே ரெண்டு செகண்டு."

"வழவழப்பாத்தானே ஆக்கினேன்."

"உண்மைதான்," என்றார் மதாம். "எல்லாரும் கொஞ்சம்தான் எடுத்தீங்க."

கலியபெருமாள் ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தார். "நாங்க வார்த்தையைக் கேட்டோமே மதாம்."

"சொல்றேன். ஆந்துராழ்னா சுத்தி நிக்கிறவங்க. அதுக்குள்ள தூர்னு ஒரு வார்த்தை இருக்கு. தூர்னா வட்டம், சுத்து. அது லத்தீன்லேர்ந்து வந்தது. அங்க அதுக்கு முதல் அர்த்தம்," என்று சொல்லி, மதாம் கடைசல் மிஷின்மேல் கை வைத்தார், "இதுதான்."

"இந்த மிஷினா?"

"இதேதான். அப்ப கரண்ட் இல்ல, கையால சுத்தினாங்க."

அரிதாஸ் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா தலைவரே, நான் சொல்லல? தலைவர் நடுவுல. நாங்க அவரைச் சுத்திச் சுத்தி வர்றோம்."

"நீங்க சுத்தினீங்களா?" என்று மதாம் கேட்டார்.

"என்னா மதாம்?"

"உளி பிடிச்சப்ப, நீங்க சுத்தினீங்களா?"

"இல்ல. நின்ன இடத்துலதான் நின்னேன்."

"எது சுத்திச்சு?"

அரிதாஸ் தலைவரைப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் தலைவரைத்தான் பார்த்தார்கள்.

"கட்டை," என்றார் கலியபெருமாள்.

அவர் குரல் மாறியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேச்சுத் தாளை எடுத்தார். கடைசியாக எழுதிய தாள், தமிழில், அவர் கையெழுத்து. மிஷின் பக்கத்திலேயே நின்று முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"பாலம் எங்க?" என்றார்.

"இருக்கு தலைவரே," என்றார் அரிதாஸ். "நாலாவது பத்தியில பாருங்க. உள்கட்டமைப்பு மேம்பாடுன்னு போட்டிருக்கோம். கௌரவமா இருக்கும்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்க."

"கயல்?"

"சில துயர நிகழ்வுகள்னு இருந்துச்சு."

"இப்ப காணோமே."

"போன வாரம் எடுத்துட்டோம் மாமா," என்றான் குணாளன் மெதுவாக. "மூணு நிமிஷத்தைத் தாண்டிடுச்சு."

கலியபெருமாள் அழுதார். அவ்வளவு பேர் முன்னால், மரத்தூளின்மேல் உட்கார்ந்து அழுதார். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு வாரத் தாளையும் எழுதியது அவருடைய கைதான். ஆற்றில் கை நழுவிய பிள்ளையைப் பேச்சிலும் நழுவவிட்டாயிற்று. இந்தத் தடவை தண்ணீர்மேல் பழி போட முடியாது.

லூர்து போனை எடுக்கவில்லை. அதை அவனுக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

ஞானதிக்கம் ஒன்பது பேரையும் தெருமுனைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனார். அவர்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். பட்டறையில் குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள்.

"அந்த நாலு வரி இன்னும் ஞாபகம் இருக்கா, முசே?"

கலியபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். மூன்று வரி வந்தது. பாலம் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று தேட வேண்டியிருந்தது. மதாம் எடுத்துக் கொடுத்தார். நான்காவது வரியும் வந்தது. மறுபடி ஒருமுறை முழுக்கச் சொன்னார். இந்தத் தடவை தொண்டை அடைத்தது.

"அப்ப நான் தனியாவே போயிடறேன் மதாம்," என்றார். "யாரும் வேணாம். செவ்வாய்க்கிழமை என் பேரை மட்டும் அனுப்பிடறேன்."

மதாம் ஒரு புதுக்கட்டையை எடுத்து மிஷினில் மாட்டினார். மிஷினை ஓடவிட்டார். கட்டை சுழன்றது. கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கட்டை சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவல. அப்படியேதான் இருக்கு."

"நானும் இங்கதான் நின்னேன், கையில உளி இல்ல. தனியாப் போனாலும் அங்க உங்களைச் சுத்தி ஆள் நிப்பாங்க, முசே. விருந்து வெப்பாங்க. புகழ்வாங்க. யாராவது ஒருத்தர் உளியோட வந்துடுவாங்க."

கலியபெருமாள் யோசித்தார். "தனியாவும் போவக் கூடாது. இவங்களும் வேணாம்னா யாரைத்தான் கூட்டிக்கிட்டுப் போறது?"

"யார் முன்னாடி நின்னா அந்த நாலு வரியில ஒரு வார்த்தையைக்கூட உங்களால மாத்த முடியாது?"

அவர் பேச்சுத் தாளை நான்காக மடித்தார்.

"செண்பகம் அண்ணி," என்றார். "கயலோட அம்மா."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"அண்ணி கடலூரைத் தாண்டினதில்ல மதாம்."

"அவசரத்துல கேட்டா ஒரு வாரத்துல குடுக்கறாங்க. விசா எழுதறதுக்கு நான் இருக்கேன்."

"அதுக்கு இல்ல." கலியபெருமாள் எழுந்து நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த சீவலைத் தட்டிவிட்டார். அவருக்கு மறுபடியும் படபடப்பு வந்துவிட்டது. பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. "அண்ணிக்கு பிரெஞ்சு தெரியாது. தமிழே எண்ணித்தான் பேசுவாங்க. பெரிய மனுஷங்க சபையில எப்படி நடந்துக்கணும்னு தெரியாது. யாரையும் புகழத் தெரியாது. அங்க வந்து அவங்க என்னா செய்யப் போறாங்க? நான் பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆந்துராழுக்கு வேற வேலை கிடையாது, முசே," என்றார் மதாம்.